உஸ் சொல்ல ஓர் ஆள்

பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. குற்றாலிங்கம் ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் தூக்கி, யார் பெற்ற பிள்ளையோ, ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கவிழ்த்து வைத்து மூடினான். உள்ளே வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்புவதற்குள் அவன் மனசு தாலுகா ஆபீஸ் தெருவைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டி, மகன் நித்திலன் உட்கார்ந்திருக்கும் எல்.கே.ஜி. வகுப்பின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. வந்திருக்குமோ? வந்தால் சொல்லியிருப்பானா? சொல்லுவான், அதில் சந்தேகமில்லை, பயலுக்கு வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, ஆனால் சொன்னதோடு முடிகிற காரியமா அது? இன்றைக்குத்தான் முதல் நாள். ஒன்பதரைக்குக் கொண்டுபோய் விட்டான். அழுவான், காலைக் கட்டிக்கொள்வான், அப்போது குனிந்து இன்னின்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தான். அவனானால் ஒட்டுகிற ஷூவைத் தானே கழற்றி வரிசையில் வைத்துவிட்டு, வழுக்குப் பாறையில் தண்ணீர் ஓடுகிறதே அந்த மாதிரி வகுப்புக்குள்ளே போய்விட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நகராமல் நின்றது அப்பன்தான். அப்படியே நின்றவனிடம் ஆயா, "நீங்க போங்க சார், பிள்ளைய நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த மாதிரி ஒரு பழக்கம் உண்டு, நீங்கள் கொஞ்சம் பக்கத்தில் நின்று என்று. சொல்லவில்லை. வாயைத் திறந்தான், சரி என்று சொல்லி மூடினான். இப்போது மெஷின் சான்றிதழைத் துப்பியது. பெண் குழந்தை. பிறந்த இடம் செங்கோட்டை. இது இந்த வருஷம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, இதற்கு இந்தத் தொல்லையெல்லாம் இருக்காது, இதன் அப்பன் அம்மா புத்தியுள்ளவர்களாக இருப்பார்கள்.

நான்கு மாதமாக வீட்டில் வேறு பேச்சு இல்லை. மனைவி உலகம்மாளின் தங்கை பெங்களூரிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினாள், குழந்தை பள்ளிக்கூடத்துக்குத் தயாராகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள முப்பது அடையாளம் என்று. உலகு அதை ஒரு நோட்டில் எழுதி, ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சார்ட் போடுகிறவள் இல்லையா, கோடு கிழித்துக் கட்டம் போட்டு ஃப்ரிட்ஜின் மேல் ஒட்டிவிட்டாள். தன் பெயர் சொல்வான், அப்பா பெயர் சொல்வான், போன் நம்பரை ராகம் போட்டுச் சொல்வான். அரைத் தோசையைத் தானே பிட்டுத் தின்பான், மீதி அரை தரைக்குப் போகும், அதற்கும் டிக்தான். எட்டு மணிக்குத் தூங்குவான். சிவப்பு, மஞ்சள், நீலம். பத்து வரைக்கும் எண்ணுவான், ஆனால் பேப்பர் எண்ணுகிற மாதிரி விரலில் எச்சில் தொட்டு எண்ணுவான், அது கடைப் பழக்கம். இன்னொரு பிள்ளை அழுதால் கிட்டே போய்ப் பார்ப்பான். முறை வரும்வரை காத்திருப்பான் என்ற கட்டத்தில் உலகு யோசித்தபோது குற்றாலிங்கம் சிரித்துவிட்டான். வரிசையிலேயே வளர்ந்த பிள்ளை அவன். ஸ்டூலில் ஏறி நின்று, அடுத்து யாரு, வாங்க வாங்க என்று தாலுகா ஆபீசுக்கு வருகிறவர்களை அதட்டுகிறவன், அவனுக்கு வரிசை தெரியாதா? இப்படி இருபத்தொன்பது கட்டம் நிரம்பியது. ஒன்று பாக்கி. தானாகவே கழிப்பறைக்குப் போவான். உலகு பேனாவை நீட்டி, அது பகலில் அவனோடு இருக்கிறவருக்குத்தான் தெரியும், நீங்களே போடுங்கள் என்றாள். அவன் போட்டான். கொஞ்சமும் தயங்கவில்லை என்பதுதான் இப்போது நினைக்கக் கஷ்டமாக இருக்கிறது.

உஸ்ஸ். அவ்வளவுதான் விஷயம், ஒரு சத்தம், காற்று, பல்லிடுக்கில் போகிற காற்று. ஐந்து மாதத்தில் உலகுதான் ஆரம்பித்து வைத்தாள், ஊரில் எல்லாத் தாயும் செய்வதுதான். பிள்ளையைக் கால்மேல் கிடத்திக்கொண்டு உஸ்ஸ் என்றால் அதுவும் என்னவோ உத்தரவு வந்த மாதிரி மூத்திரம் பெய்யும். இரண்டரை வயசில் அவளே, இனிமேல் வேண்டாம், பிள்ளை தன் வயிறு சொல்வதைக் கேட்கட்டும், உங்கள் வாய் சொல்வதைக் கேட்கக் கூடாது என்று நிறுத்தச் சொன்னாள். நியாயமான பேச்சு. சரி என்றான். மறுநாள் கடையில் நாலு பேர் நிற்கிறார்கள், ஒருவருக்கு ஆதார், ஒருவருக்குப் பட்டா, மெஷினில் பேப்பர் சிக்கிவிட்டது, நித்திலன் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறான். பின்னால் இருக்கிற பொதுக் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி நிறுத்தினால் வர மாட்டேன் என்கிறது. நிற்கிறான், சுவரைப் பார்க்கிறான், கூரையில் பல்லியைப் பார்க்கிறான், அப்பா அது ஏன் வாலை ஆட்டுது என்கிறான். முன்னால் ஆட்கள் சத்தம் போடுகிறார்கள். உஸ்ஸ். முடிந்தது. அன்றைக்கு மட்டும் என்று நினைத்தான். அப்புறம் மழை பெய்த அன்று மட்டும். அப்புறம் கூட்டமுள்ள அன்று மட்டும், தாலுகா ஆபீஸ் எதிரே கூட்டமில்லாத அன்று ஏது? ஆனால் அது மட்டும் காரணமில்லை, யாரிடம் மறைத்து என்ன, அவனுக்கு அது பிடித்திருந்தது. ஒரு நாளில் நாலைந்து தடவை, அந்தத் தகரக் கதவுக்குப் பின்னால், பிள்ளை ஒரு கையால் அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து அவன் வாயைப் பார்க்கும், அவன் உதட்டைக் குவித்ததுமே அதன் முகம் தளரும். உலகத்தில் வேறு எந்தச் சொல்லுக்கும் அப்படி ஒரு மதிப்பு அவனுக்குக் கிடைத்ததில்லை. வீட்டில் அவன் ஒன்று சொன்னால் மூன்று தடவை சொல்ல வேண்டும், தாலுகா ஆபீசில் அவன் முகமே யாருக்கும் தெரியாது. இங்கே ஒரு மூச்சு விட்டால் போதும்.

"அண்ணே, இது ரெண்டும் ஒரே பக்கம்லா வந்திருக்கு" என்றாள் எதிரே நின்ற பெண். பார்த்தால் அவளுடைய ஆதாரின் முன்பக்கத்தையே இரண்டு தடவை எடுத்து வைத்திருக்கிறான். மன்னித்துக்கொள்ளம்மா என்று திருப்பிப் போட்டான். அவள் இடுப்பில் இருந்த பெண் குழந்தை அவனையே பார்த்தது. அதுதான் செங்கோட்டையில் பிறந்த சான்றிதழ் போல. அட்மிஷனா என்று கேட்டான். ஆமாம், எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாலும் இது வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது, வீட்டில் கத்துகிற கத்துக்கு அளவில்லை, மிஸ் முன்னால் போய் நின்றால் ஊமையாகிவிடுகிறது, இன்றைக்கு மூன்றாவது இடம் என்றாள். குற்றாலிங்கத்துக்கு அந்த ஊமைப் பெண்ணின் மேல் அப்படியொரு பிரியம் வந்தது. போகட்டும், எல்லார் வீட்டிலும் ஒரு கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. அவளிடம், பேசிவிடும் அம்மா, பயப்படாதே என்று தைரியம் சொன்னான். சொல்லும்போதே, அடுத்தவர் பிள்ளைக்குத் தைரியம் சொல்ல மட்டும் வாய் வருகிறதே, ஜெபசெல்வி மிஸ் கேட்டபோது எங்கே போயிற்று என்று இருந்தது. மே மாதம் சேர்க்கைப் பாரம் கொடுக்கப் போன அன்று மிஸ் தெளிவாகத்தான் சொன்னாள். அறுபது பிள்ளைக்கு ஓர் ஆயாதான். பாத்ரூமுக்குத் தானாகப் போகிற பிள்ளையைத்தான் சேர்ப்போம். முதல் வாரம் பார்ப்போம், முடியவில்லை என்றால் மனசில் வைத்துக்கொள்ளாமல் அடுத்த ஜூனுக்குக் கூட்டி வாருங்கள், ஒரு வருஷத்தில் ஒன்றும் கெட்டுப்போகாது. அதற்கு இவன், "அதெல்லாம் அவனாப் போயிருவான் மிஸ்" என்றான். பக்கத்தில் நித்திலன். அவன் அப்பாவை அண்ணாந்து பார்த்தான். அந்தப் பார்வைதான் ஒரு மாதமாக அங்கங்கே வந்து இடிக்கிறது.

ஒரு வருஷத்தில் என்ன கெட்டுப்போகும்? கெட்டுப்போகாது. பார்க்கப்போனால் நல்லது. இன்னும் ஒரு வருஷம் ஸ்டூலில் நிற்பான், அடுத்து யாரு என்பான், மத்தியானம் பேப்பர் கட்டுகளுக்கு இடையில் சுருண்டு தூங்குவான். இப்படி நினைத்ததும் குற்றாலிங்கத்துக்குத் தன் மேலேயே ஒரு சந்தேகம் வந்தது, இதற்காகத்தான் உஸ் சொல்லிக்கொண்டே இருந்தோமோ என்று. சே, அப்படியெல்லாம் இல்லை. பயல் தினமும் எட்டரைக்கு வேன் போகிற சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடி, நான் எப்போ, நான் எப்போ என்று கேட்டவன். அவனைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தால் அந்த வேன் நாளைக்கும் வீட்டு வழியாகத்தான் போகும். அதை எப்படிப் பார்ப்பது? குற்றாலிங்கத்தையும் இப்படித்தான் ஒருநாள் அவன் அப்பா பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். அப்போது முப்பது அடையாளமெல்லாம் கிடையாது, ஓர் அடையாளம்தான், வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும், தொட்டால் ஐந்து வயசு. இவனுக்கு நாலரை. கை எட்டவில்லை. பின்னால் நின்ற அப்பா தலையை லேசாகச் சாய்த்துவிட்டார், விரல் காது நுனியில் பட்டது, வாத்தியார் பெயரை எழுதிக்கொண்டார். காது எட்டியதே தவிர அப்புறம் பத்தாவது வரைக்கும் மற்றது எதுவும் எட்டவில்லை. வகுப்பிலேயே குட்டையன், முதல் பெஞ்சு, கபடிக்குச் சேர்க்க மாட்டார்கள், கணக்கு புரிவதற்குள் அடுத்த கணக்கு வந்துவிடும். அப்பா மேல் கோபமில்லை. அவருக்கு மகன் பள்ளிக்கூடத்துக்குள்ளே போய்விட வேண்டும், அவ்வளவுதான். தலையைச் சாய்த்துவிட்ட அந்தக் கையின் சூடு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இப்போது தானும் அதையேதான் செய்திருக்கிறோம், தலைக்குப் பதில் பேச்சைச் சாய்த்திருக்கிறோம்.

வெளியே சாரல் விழ ஆரம்பித்தது. சும்மா நாளில் இந்தச் சாரலைப் போல அவனுக்குப் பிடித்தது ஒன்றும் இல்லை. ஆனி பிறந்துவிட்டால் மலைப்பக்கமிருந்து குளிர்ந்த காற்று இறங்கி, வெயிலும் தூறலும் மாறி மாறி வந்து, ஊரே ஈரத் துணி போட்டுத் துடைத்த மாதிரி ஆகிவிடும், எந்த ஊர்க்காரனைப் பார்த்தாலும் எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று சொல்லத் தோன்றும். இன்றைக்கு அந்தக் காற்று உடம்பில் பட்டதும் நித்திலன் நினைப்புத்தான் வந்தது. குளிர்ந்தால் அவனுக்குச் சும்மாவே அரைமணிக்கு ஒரு தடவை. காலையில் பாலும் குடித்தான். கழுத்தில் தண்ணீர் பாட்டில் வேறு, உறிஞ்சினால் பாட்டுப் பாடுகிற பாட்டில், அது பாடுவதற்காகவே குடிப்பான். எல்லாம் சேர்ந்து இந்நேரம் என்ன ஆகியிருக்கும்? ஆயா வரிசையில் நிறுத்தியிருப்பாள். வர மாட்டேன் என்றிருக்கும். சரி வா என்று திருப்பி உட்கார வைத்திருப்பாள். பத்து நிமிஷம் கழித்து, பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது, பெஞ்சுக்கு அடியில். சுற்றியிருக்கிற பிள்ளைகள் எழுந்து நின்று பார்க்கும். ஒன்று சிரிக்கும், ஒன்று சிரித்தால் போதும். புதுக் காக்கி ட்ரவுசர் நனைந்தால் நன்றாகத் தெரியும், இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைக்கச் சொல்லும்போது இதை நினைக்கவில்லை. அவன் அழ மாட்டான். அதுதான் பயம். அழாமல், ஏன் இப்படி ஆயிற்று என்று குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பான். குற்றாலிங்கம் ஷட்டரை இழுத்துவிட்டு ஓடிவிடலாமா என்று எழுந்தான். போய் என்ன செய்ய? வகுப்புக்கு வெளியே நின்று அறுபது பிள்ளை கேட்க உஸ் சொல்லவா? உட்கார்ந்தான். மறுபடி எழுந்து மெஷினுக்குப் பேப்பர் வைத்தான், ஏற்கெனவே நிறைந்திருந்த தட்டில்.

பதினொன்றரைக்கு உலகு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்ததா என்று கேட்டாள். இல்லை என்றான். அழுதானா என்றாள். இல்லை என்றான். அந்தப் பக்கம் வார்டில் ஏதோ குழந்தை வீரிட்டு அழுதது, அவள் யாரிடமோ ஊசியை எடுத்து வைக்கச் சொன்னாள், திரும்பவும் வந்து, அப்புறம் என்ன, குரல் ஏன் இப்படி இருக்கிறது என்றாள். அப்போது சொல்லிவிட்டான். எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"உலகு, நான் இன்னும் அவனுக்கு உஸ் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். நிறுத்தவே இல்ல."

வார்டுக் குழந்தை அழுகையை நிறுத்தி மூச்சு வாங்கி மறுபடி ஆரம்பித்தது.

"ஏங்க" என்றாள் மெதுவாக, "ஞாயித்துக்கிழமை நான் மட்டும் என்ன செய்யுதேன்னு நினைச்சிய?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும், மூக்கால் ஒரு சத்தம் கேட்டது. லீவு நாளில் துணி துவைக்க நனைத்துப் போட்டிருப்பாளாம், அடுப்பில் குழம்பு கொதிக்குமாம், பிள்ளை நின்றுகொண்டே இருப்பானாம், நீங்கள் பகலெல்லாம் கஷ்டப்பட்டு நிறுத்தி வைத்திருக்கிறீர்கள், நான் கெடுக்கிறேனே என்று அவளுக்கு ஒவ்வொரு தடவையும் குற்றமாக இருக்குமாம். ஒன்றரை வருஷமாக ஒரே வீட்டில், ஆளுக்கொரு கதவுக்குப் பின்னால் நின்று, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் இரண்டு பேரும் ஒரே திருட்டைச் செய்திருக்கிறார்கள். நடுவில் அந்தப் பொடிப்பயல் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அதை நினைத்தபோது குற்றாலிங்கத்துக்கு காலையிலிருந்து இருந்த பயமெல்லாம் கொஞ்சம் கரைந்து, என்ன ஆனாலும் சரி, ட்ரவுசர் நனைந்தால் நனையட்டும், இந்த வீட்டில் இந்த மனுஷியோடு இருக்கிறோமே, இது போதும் என்று தோன்றியது. நீங்கள் போய் மிஸ்ஸிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள், சேர்த்தால் சேர்க்கட்டும், இல்லையென்றால் ஒரு வருஷம் ஒழுங்காகப் பழக்குவோம் என்று சொல்லிவிட்டு அவள் வைத்தாள். ஒரு வருஷம் என்று அவள் சொன்ன விதத்தில் நம்பிக்கை இல்லை. அவளுக்குத் தெரியாதா அவர்கள் லட்சணம்?

பன்னிரண்டரைக்கு விடுவார்கள். பன்னிரண்டுக்கே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றான். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைக் கோர்த்துப் பார்த்தான். மிஸ், நான் அன்றைக்குச் சொன்னது. மிஸ், தப்பாக நினைக்கக் கூடாது. மிஸ், இது சின்ன விஷயம்தான், என்றால் சின்ன விஷயத்தை ஏன் மறைத்தாய் என்பாள். சாரல் விட்டு வெயில் அடித்தது. மணி அடித்தார்கள். பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக, முதுகுப் பை மட்டும் நடந்து வருகிற மாதிரி வந்தன. அவன் முகத்தைப் பார்க்கவில்லை, ட்ரவுசரைத்தான் தேடினான். காய்ந்திருந்தது. முன்னால் காய்ந்திருந்தது, பின்னால் திருப்பிப் பார்த்தான், காய்ந்திருந்தது. அப்படியானால் காலையிலிருந்து அடக்கிக்கொண்டு இருக்கிறானா? அது அதைவிடக் கொடுமை இல்லையா? அதற்குள் ஜெபசெல்வி மிஸ், நித்திலன் அப்பா, கொஞ்சம் நில்லுங்கள் என்றாள். கோர்த்து வைத்தது எல்லாம் அறுந்து போயிற்று.

"இந்த உஸ் சொல்லுத பழக்கம் யாரு பண்ணிவச்சது?" என்றாள் மிஸ்.

நான்தான் என்றான். கையைக் கட்டிக்கொண்டு, முதல் பெஞ்சுக் குட்டையனாக. பிறகு உள்ளதைச் சொன்னான், மே மாதம் சொன்னது பொய் என்பதையும் சொன்னான். மிஸ் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆயா சுப்புத்தாய்தான் சும்மா இருக்க முடியாமல் முன்னால் வந்தாள்.

"நீங்க இங்க நடந்த கூத்தக் கேளுங்க சார். பத்தரைக்குப் பத்துப் பயலுவள ஒரே வரிசையா நிறுத்துதேன். புது இடம்லா, ஒருத்தனுக்கும் வர மாட்டேங்கு. ரிபாய்னு ஒரு பய, இவனுக்குப் பக்கத்துல, வயித்தப் பிடிச்சிக்கிட்டு அழுதான். இவன் அவனையே பாத்துக்கிட்டு நின்னான். பாத்துட்டு, பெரிய மனுசன் மாதிரி, உஸ்ஸுன்னான். அந்தப் பய போயிட்டான். முடிச்சிட்டு அவன் திரும்பி இவனுக்கு உஸ்ஸுன்னான். அதுக்கப்புறம் வரிசை முழுக்க உஸ்ஸு உஸ்ஸுன்னு ஒரே சத்தம். எனக்கு இத்தன வருசத்துல அஞ்சு நிமிசத்துல வேலை முடிஞ்சது இன்னைக்குத்தான்."

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்தது, அதை மறைக்க ரெஜிஸ்டரைப் புரட்டினாள். பக்கத்துப் பிள்ளை உஸ் சொல்லிப் போவதைத் தானாகப் போவது என்று எழுதுவதா, என்ன எழுதுவது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அப்புறம் பேனாவை மூடி, நாளைக்கு இந்தப் பாட்டுப் பாடுகிற பாட்டில் வேண்டாம், வகுப்பே அதைத்தான் பார்க்கிறது, சாதாரணமாக ஒன்று கொடுத்துவிடுங்கள் என்றாள். நாளைக்கு என்று அவள் சொன்னதை அவன் கேட் தாண்டுகிற வரைக்கும் கையில் பிடித்துக்கொண்டே போனான்.

சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு வரும்போது, ரிபாய் யாரு என்று கேட்டான். ரிபாய் என்றால் ரிபாய்தான் என்றான் நித்திலன். வேறு என்ன நடந்தது என்றான். நிறைய என்றான். ரோட்டில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தான். குற்றாலிங்கத்துக்கு மனசு லேசாக இருந்தது, ரொம்ப நாளைக்கு அப்புறம் காரணமில்லாமல் மணி அடித்துக்கொண்டே மிதித்தான். ரயில்வே கேட்டில் நின்றபோது மட்டும் ஒன்று உறுத்தியது. காலையில் பத்தரை மணிக்கு, அவன் மெஷினையே பார்த்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில், ஊரின் அந்தக் கோடியில் ரிபாய் என்கிற நாலு வயசுப் பயல் ஒருவன் நித்திலனுக்காக உதட்டைக் குவித்து, குற்றாலிங்கம் இத்தனை நாள் தனக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்த காரியத்தை ஒரு நொடியில் முடித்துவிட்டு, கை கழுவப் போயிருக்கிறான். போகட்டும். நல்ல பயலாகத்தான் இருப்பான்.

கடை வாசலில் இறக்கியதும் நித்திலன் கால் மாற்றி நின்றான். ஷட்டரைத் தூக்குவதற்குள் மூன்று பேர் வந்துவிட்டார்கள். இந்தா வந்துவிட்டேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் பிள்ளையைப் பின்பக்கம் கூட்டிப்போய்த் தகரக் கதவைத் திறந்தான். நித்திலன் ட்ரவுசரைத் தானே இறக்கினான். குற்றாலிங்கம் குனிந்து, பழக்கத்தில் உதட்டைக் குவித்தான்.

"நீ சொல்லாதப்பா" என்றான் பிள்ளை. "நீ சொன்னா வர மாட்டேங்கு. வெளிய நில்லு."

வெளியே வந்தான். கதவு உள்ளிருந்து சாத்திக்கொண்டது, தாழ்ப்பாள் எட்டாது என்பதால் காலால் ஒட்டிப் பிடித்திருந்தான் போல. முன்பக்கமிருந்து யாரோ, அண்ணே, ஒரே ஒரு காப்பிதான் என்று கூப்பிட்டார்கள். பதில் சொல்லாமல், மூச்சைக்கூட விடாமல் நின்றான். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தண்ணீர் விழுந்தது. அதற்குப் பிறகும், கூப்பிடுவானோ என்று அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.